கிட்னி ட்ரேயில் விழுந்த சந்தா

எங்கள் மருத்துவமனையில் என்னைப் பார்த்து ஓடி ஒளிபவர்கள் இரண்டு வகை. ஊசிக்குப் பயந்த நோயாளிகள் ஒரு வகை. சங்கச் சந்தா கட்டாத செவிலியர்கள் இன்னொரு வகை. இதில் நோயாளிகளே தேவலை. கட்டிலோடு மடக்கிவிடலாம்.

செவிலியர் சங்கத்தின் கிளைப் பொருளாளர் பதவி நான் கேட்டு வாங்கியதல்ல. தேர்தல் கூட்டம் நடந்த அன்று, கூட்டம் முடிவதற்குள் ஒரு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று வெளியே போனேன். ஒன்று மூன்றாகி, நான் திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் சேர்ந்து தட்டினேன். ஏகமனதாக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். என் கைதட்டலையும் சேர்த்துத்தான் ஏகமனது.

என்னிடம் அவர்கள் கண்ட தகுதி, நான் மட்டும் ஆண் என்பதும் என்னிடம் பைக் இருப்பதும். சந்தாவை வசூலித்துச் செங்கல்பட்டில் இருக்கும் மாவட்டச் சங்க அலுவலகத்தில் கட்ட வேண்டும். எங்கள் கடற்கரை ஊரிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போய் வருவதற்குள் ஒரு விடுமுறை நாள் காலி. ஆகவே பெட்ரோல் என்னுடையது, பதவியும் என்னுடையது.

வசூலுக்குப் போனால் ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். "யூனிஃபார்ம்ல பாக்கெட் இல்ல பிரதர்" என்பார் ஒருவர். போன் வைக்க மட்டும் அதே யூனிஃபார்மில் பாக்கெட் முளைக்கும். "வூட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்" என்பார் இன்னொருவர். வீட்டுக்காரரிடம் கேட்காமல் இரண்டு சவரனில் சங்கிலி வாங்கியவர் அவர். "சங்கம் எனக்கு இன்னா செஞ்சிது?" என்று கேட்பவர்களும் உண்டு. சங்கம் எனக்குச் செய்தது ஒரு ரசீது புத்தகம், இரண்டு கார்பன் தாள்.

கேட்காமலே சந்தா கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். பிரசவ வார்டு அக்கா.

கடப்பாக்கம் பக்கம் பிறந்து சதுரங்கப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவர்கள் தெருவில் ஒன்றாம் தேதி சம்பளம் என்று ஒன்றை முதலில் கண்டவர் இவர்தான். கணவருக்குச் சதுரங்கப்பட்டினத்தில் மீன் பிடிக்க ஒரு ஃபைபர் போட்டு, அதாவது படகு, இருந்தது. அக்காவுக்குக் குரல் பெரிது. பிரசவ வார்டில் அவர் "முக்கு" என்று சொன்னால் அடுத்த கட்டிடத்தில் பல் வலிக்கு வந்தவர்கள்கூட ஒரு முறை முக்கிவிட்டுத்தான் உட்காருவார்கள்.

"எங்க நைனா கூலிக்குப் போன காலத்துல, பத்து நாளு கூலிய ஆண்டை சாப்ட்டாலும் கேக்க ஆளு கெடையாது" என்று ஒருமுறை சொன்னார். "எனக்குக் கேக்க ஒரு சங்கம் கீது. அதுக்கு வருசத்துக்கு ஒருவாட்டி டப்பு குடுக்க இன்னாடா கஷ்டம்?"

அப்படிப்பட்டவருடைய சந்தாவைத்தான் நான் தொலைத்தேன். தொலைத்தது மட்டுமல்ல, அதற்காக எனக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். அதை எப்படிச் சாதித்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

தை மாதத்தில் ஒரு காலை. அக்காவும் நானும் இரவுப் பணி முடிக்கும் நேரம். அவர் தன் வார்டை ஒப்படைத்துவிட்டார். எனக்கு ஆண்கள் வார்டில் ஒரு கட்டு பாக்கி. திருக்கை மீன் காலில் குத்திக் கிழித்த ஒரு மீனவர். இரண்டு கையிலும் கையுறை, வலது கையில் ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கி. பக்கத்தில் சுத்தமான ஒரு கிட்னி ட்ரே, சிறுநீரக வடிவத்தில் வளைந்த எஃகுத் தட்டு. அவரைப் பேச்சில் இழுத்துக்கொண்டே புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு வேகமாக வந்தார். மடித்த நோட்டுகளை நேராக அந்த ட்ரேயில் போட்டார்.

"தம்பி, இந்த வருசத்துச் சந்தா. ரசீத அப்பாலிக்கா குடு. எட்டு மணி வண்டிய வுட்டா ஒம்போது வரிக்கும் நிக்கணும்."

அவர் போய்விட்டார். சுத்தம் செய்த ட்ரேயில் எத்தனை மீன்கடை, எத்தனை கண்டக்டர் பை பார்த்ததோ தெரியாத நோட்டுகள். ஒரு செவிலியன் என்ன செய்வான்? ஃபோர்செப்ஸால் நோட்டைப் பிடித்துத் தூக்கி மேசை டிராயருக்குள் போட்டேன். கட்டிலில் இருந்த மீனவர் தன் வலியை மறந்து பார்த்தார்.

"இன்னா பிரதர், டப்புக்கே இம்மாம் சுத்தம் பாக்குற. என் காலுக்கு எம்மாம் பாப்ப?"

அந்தப் பெருமையில் அதே ஃபோர்செப்ஸை அவர் காலுக்குக் கொண்டு போனேன். அவரே காலை இழுத்துக்கொண்டார். ட்ரே, ஃபோர்செப்ஸ் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு வேறு செட்டைப் பிரித்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பிறகு பணி ஒப்படைப்பு. எங்கள் வேலையில் வீட்டுக்குப் போவதற்கு முன் அடுத்து வருபவரிடம் கட்டில் கட்டிலாக நின்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். யாருக்கு என்ன மருந்து, யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிட்டார், யார் போனார், யார் போகவில்லை. வருபவர் அதை ஒப்படைப்புப் பதிவேட்டில் எழுதுவார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். செய்ததை எழுதாவிட்டால் செய்யாததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று நர்சிங் பள்ளியில் முதல் மாதமே சொல்லிவிடுவார்கள். முதல் மாதமே மறந்துவிடுபவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர்தான் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

அன்று என்னிடமிருந்து வார்டை வாங்கியவர் பொறுப்புச் செவிலியர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. தெற்கத்திக்காரர், பேச்சு குறைவு, எழுத்து அதிகம். சொல்வது எதையும் விடாமல் எழுதுவார் என்பதற்காக நாங்கள் அவரைப் பற்றிச் சொல்லாத கேலி இல்லை. மின்விசிறி கிறீச்சிட்டால் எழுதுவார். ஜன்னலில் பூனை வந்தால் எழுதுவார். நான் பாதித் தூக்கத்தில் வாயில் வந்ததையெல்லாம் ஒப்பித்தேன், அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன், வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

நான்கு நாள் கழித்து டிராயரில் இருந்த பணத்தை எடுத்து, மற்ற வசூலோடு ஒரே உறையில் போட்டேன். பெட்ரோலுக்கு வைத்திருந்த பணமும் அதே உறைக்குள்தான் போனது, வழியில் பங்க்கில் அது முழுவதும் கரைந்ததை நான் கவனிக்கவில்லை. அக்காவுக்கு ரசீது எழுத வேண்டும் என்பது அதற்குள் என் மண்டையிலிருந்து போய்விட்டது. அக்காவும் கேட்கவில்லை. என்னை நம்பினார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அதுதான் என்று நினைக்கிறேன்.

செங்கல்பட்டில் சங்க அலுவலகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. மாவட்டப் பொருளாளர் ஓய்வு பெற்ற அம்மா. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு எண்ணினார். "தம்பி, ரசீதவிட ஒரு ஆளோட சந்தா கூட இருக்கே" என்றார்.

"என் பெட்ரோல் காசு கலந்திருக்கும்மா."

"அப்ப எடுத்துக்க."

அந்த நேரத்தில் எனக்குள் ஒரு வள்ளல் எழுந்து நின்றான். அவன் வருடத்துக்கு ஒரு முறைதான் எழுவான், அன்றைக்குப் பார்த்து எழுந்தான். "இருக்கட்டும்மா, சங்கத்துக்கு என்னோட அன்பளிப்பா வெச்சிக்குங்க" என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பல வருட அனுபவத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை போல. அன்பளிப்பு என்று எழுதிக்கொண்டார்.

பங்குனியில் மாவட்டக் கூட்டம் நடந்தது. என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சந்தாவே தர யோசிக்கும் காலத்தில் சந்தாவுக்கு மேலும் கொடுத்த உறுப்பினர் என்று ஒலிபெருக்கியில் சொல்லி ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். மஞ்சள் நிறம், ஓரத்தில் பளபளக்கும் சரிகை. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவர் பிரசவ வார்டு அக்காதான். மேடையில் எடுத்த படத்தை என் மனைவி டிவிக்கு மேலே மாட்டினாள். வீட்டில் எனக்கு இரண்டு வாரம் மரியாதை நன்றாக இருந்தது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரச்சினை வந்தது. மாமல்லபுரத்தில் பாறையில் ஏறி வழுக்கி விழுந்து, கால் விரலில் ஒரு இஞ்ச் சிராய்ப்போடு ஒருவர் காரில் வந்திறங்கினார். உள்ளூரில் செல்வாக்கான ஒருவருக்கு நெருங்கிய சொந்தம். பணியில் இருந்த மருத்துவர் பக்கத்து அறையில் விபத்துக் கேஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பிரசவ வார்டில் தனி ஆள். காரில் வந்தவர் நேராகப் பிரசவ வார்டு வாசலுக்கே போய், உடனே வந்து ஊசி போடச் சொன்னார்.

"கொஞ்சம் ஒக்காருங்க சார். இங்க ஒரு கொயந்த பாதி வழில கீது" என்றாராம் அக்கா.

அவர் உட்காரவில்லை. போய்விட்டார். மூன்றாவது நாள் புகார் வந்தது. சிகிச்சை மறுத்தார், மரியாதையில்லாமல் பேசினார், வேண்டுமென்றே ஒரு மணி நேரம் காக்க வைத்தார் என்று மூன்று குற்றச்சாட்டு. அதைத் தொடர்ந்து அக்காவுக்கு மெமோ. பதில் எழுத வேண்டும், விசாரணைக்குச் செங்கல்பட்டுக்கு வர வேண்டும். மெமோவுக்கு முன்னாலேயே அலுவலகத்திலிருந்து ஒரு பேச்சு கசிந்துவிட்டது. பெரிய இடத்துப் புகார், அதனால் விசாரணையெல்லாம் பேருக்குத்தான், மலைப்பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்று.

அக்கா மெமோவை என் மேசையில் வைத்தார். முதன்முறையாக அவர் குரல் சாதாரண மனிதர்களின் அளவுக்கு இருந்தது.

"பொண்ணு பன்னண்டாவது போவப்போறா. அவளக்கூட ஆஸ்டல்ல சேத்துருவேன். இவர இன்னா பண்றது? மலை மேல போட்ட எங்க வுடுவாரு? ஊட்டி ஏரில பெடல் மெதிச்சினு மீனு புடிக்கச் சொல்றியா?"

அவர் சொன்னதில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை.

"சங்கம் எதுக்குக்கா இருக்கு?" என்றேன் கம்பீரமாக. பொன்னாடை போர்த்தியவனின் குரல் அது. அங்கேயே நின்று மாவட்டச் செயலாளருக்குப் போன் போட்டேன். செயலாளரும் செவிலியர்தான். விசாரணைகளில் உறுப்பினர்களுக்காக உட்கார்ந்து வாதாடுவதில் பெயர் பெற்றவர். அவர் எதிரில் உட்கார்ந்தால் அதிகாரிகள் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள் என்று சொல்வார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"பிரதர், அவங்க பேரு இந்த வருஷப் பட்டியல்ல இல்லையே."

"இருக்கும் மேடம். வருஷா வருஷம் முதல் ஆளா கட்றவங்க."

"போன வருஷம் இருக்கு. அதுக்கு முந்தின வருஷம் இருக்கு. இந்த வருஷம் இல்ல. சம்பவம் நடந்த நாளைக்கு முன்னாடி சந்தா கட்டியிருந்தாத்தான் சங்கம் கேஸ் எடுக்கும். விதி உங்களுக்குத் தெரியும், நீங்க பொருளாளர்."

"மேடம், அவங்க கட்டலைன்னா நான் என் காசுல..." என்று ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் என் வாய் நின்றுவிட்டது. ஒரு ஆளின் சந்தா கூட இருக்கிறது என்று சொன்ன அம்மாவின் மூக்குக் கண்ணாடி கண் முன்னால் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு கிட்னி ட்ரே வந்தது. நடந்ததை அப்படியே போனில் சொன்னேன்.

செயலாளர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் உங்கள நம்புறேன். ஆனா போன வருஷம் இதே மாதிரி ஒரு பொண்ணு, கட்டிட்டேன்னு சொன்னா, ரசீது இல்ல. விதியச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இப்ப உங்க வார்த்தைய வெச்சு இவங்களுக்குச் செஞ்சா அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? ஏதாவது எழுத்துல இருந்தாக் கொண்டாங்க. அப்பவே எழுதினதா இருக்கணும். இப்ப எழுதினது வேணாம்."

போனை வைத்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ட்ரே, டிராயர், உறை, வள்ளல், மேடை.

"அப்ப அன்னிக்கி நீ போத்திகினு நின்னது என் சந்தாவா?"

"ஆமாக்கா."

"நான் வேற கை வலிக்கத் தட்னேனே."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ரசீது புத்தகத்தை எடுத்தேன். கடைசியில் சில ரசீதுகள் எழுதாமல் இருந்தன. "அக்கா, தை மாசத் தேதி போட்டு ஒன்னு எழுதிடறேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்று பேனாவைத் திறந்தேன்.

அவர் பேனாவை என் கையிலிருந்து பிடுங்கி மூடினார். "அந்தாளு எழுதனது பொய்யினு சொல்லத்தான் நான் அங்க போறேன். கையில நான் ஒரு பொய்ய வெச்சிகினு இன்னா மூஞ்சியோட சொல்றது? வேணாம் வுடு. நானே போய்ப் பேசிக்கறேன்."

விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளில் முதல் ஐந்து நாளை நான் தேடியே கழித்தேன். டிராயரைக் கவிழ்த்தேன். பைக் பெட்டியைக் கவிழ்த்தேன். என் சட்டைகளையெல்லாம் உதறினேன். செவிலியர்களுக்கு ரத்த அழுத்தத்தைக் கையிலும் பிளாஸ்திரித் துண்டிலும் எழுதும் பழக்கம் உண்டு. நானும் அப்படி எங்காவது எழுதியிருப்பேனோ என்று, வீட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். என் ஹெல்மெட்டுக்குள் ஒன்று கிடைத்தது. அதில் '101' என்று இருந்தது. யாருடைய காய்ச்சலையோ மாதக்கணக்கில் தலையில் சுமந்திருக்கிறேன். டிவிக்கு மேலிருந்த படத்தை நானே கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். ஏன் என்று மனைவி கேட்டாள். ஆணி ஆடுகிறது என்றேன்.

அக்காவின் கணவர் ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்தார். அவருடைய மனைவியை நான் அக்கா என்பதால் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். கையில் ஒரு பை நிறைய சங்கரா மீன்.

"மச்சான், நீ எதுவோ தேடினு கீறியாம். துன்னாம கூட அலையிறியாம். இந்தா, வூட்ல குடு."

"மாமா, நான் செஞ்ச வேலைக்கு மீனு வேறயா?"

"அது வேற, இது வேற. கெடைக்கலன்னா இன்னா? போட்ட வித்துட்டு மலைக்குப் போறேன். அங்க போயி உருளக்கெயங்கு தோண்றேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் அக்காவுடையதைப் போலவே பாதியில் நின்றது. அந்த மீனை அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. பொய் சொல்வானேன், இரண்டு துண்டு சாப்பிட்டேன். ஆனால் ருசியில்லாமல் சாப்பிட்டேன்.

ஆறாவது நாள் காலை. மறுபடி இரவுப் பணி முடிந்து வார்டை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். வாங்கியவர் அதே பொறுப்புச் செவிலியர். ஏழாவது கட்டிலருகே எனக்கு வரிசையாக நான்கு தும்மல் வந்தது. அவர் பதிவேட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'இரவுப் பணிச் செவிலியருக்குத் தும்மல், முகக்கவசம் அணிய அறிவுறுத்தப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஐந்தாவது தும்மல் நின்றுவிட்டது.

"சிஸ்டர், நான் சொல்றது எல்லாத்தையும் எழுதுவீங்களா?"

"நீ சொல்லுறதுல பாதி எழுதுறதுக்கே லாயக்கில்ல" என்றார் தலை நிமிராமல். "ஆனா எழுதுவேன். உன்னை நம்பி எதையும் விட முடியாது."

"தை மாசத்துப் பதிவேடு எங்க இருக்கு?"

முடிந்துபோன பதிவேடுகளை அவர் கட்டுத்துணியால் கட்டி, இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். சாவி அவர் இடுப்பில். ஏன் என்று கேட்டார், சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீதிக் கட்டில்களை முழுக்கப் பார்த்து எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அலமாரியைத் திறந்தார். அந்தப் பத்து நிமிடத்தில் நான் முடிச்சை அவிழ்ப்பது போலவும் உள்ளே ஒன்றும் இல்லாதது போலவும் பத்து முறை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

திருக்கை குத்திய மீனவர் சேர்ந்த தேதியிலிருந்து புரட்டினோம். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் பக்கத்தில் அவர் விரல் நின்றது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'கட்டில் நான்கு: திருக்கை குத்திய காயம், கட்டு மாற்றப்பட்டது, வலி குறைவு. கட்டில் ஐந்து: காலையில் மலம் கழித்தார். பிரசவ வார்டு செவிலியர் இந்த ஆண்டுச் சங்கச் சந்தாவை இரவுப் பணிச் செவிலியரிடம் கொடுத்துள்ளார், மேசை டிராயரில் உள்ளது, ரசீது பிறகு தருவதாகக் கூறுகிறார். கட்டில் ஆறு: இன்னும் மலம் கழிக்கவில்லை.'

கீழே நேரம், தேதி. வாங்கியவர் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் ஒப்படைத்தவர் கையெழுத்து. அது என்னுடையது. படிக்காமல் போட்டது.

போனவருக்கும் போகாதவருக்கும் நடுவில் அக்காவின் சந்தா பத்திரமாக இருந்தது. நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆறாம் கட்டில்காரருக்கு அன்று என்ன ஆயிற்றோ தெரியாது. எனக்கு ஐந்து நாளுக்குப் பிறகு அப்போதுதான் வயிறு இளகியது.

"சிஸ்டர், உங்க காலத் தொட்டுக் கும்பிடணும்."

"மொதல்ல கையக் கழுவு" என்றார்.

பதிவேடு அரசு ஆவணம், வெளியே போகாது. அதனால் அந்தப் பக்கத்தை வரிக்கு வரி நகலெடுத்து எழுதி, உண்மை நகல் என்று கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார். கட்டில் ஐந்தையும் ஆறையும் விட்டுவிடலாமே என்றேன். நகல் என்றால் நகல்தான் என்றார். நகல் கொடுத்ததையும் அன்றைய பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

தூங்காமல் அப்படியே பைக்கை எடுத்தேன். சதுரங்கப்பட்டினத்தில் அக்காவை ஏற்றிக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டினோம். பிறகு முதுகில் ஒரு குத்து விட்டார். "அப்போ நீ வாயால சொல்லிக்கீற. அந்த வாயாலயே எனக்கு ஒரு ரசீது குடுத்துருக்கக் கூடாதா?" அந்தக் குத்தில் பழைய பலம் இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிரேக்கும் சரியான நேரத்தில் பிடித்தேன்.

சங்க அலுவலகத்தில் செயலாளர் நகலைச் சத்தமாகப் படித்தார். கட்டில் ஐந்தில் முகம் மாறவில்லை. சந்தா வரியை இரண்டு முறை படித்தார். கட்டில் ஆறில் சிரித்துவிட்டார். மூக்குக் கண்ணாடி அம்மா தன் புத்தகத்தைத் திறந்து, தை மாதக் கடைசியில் என் பெயருக்கு எதிரில் இருந்த அன்பளிப்பைக் காட்டினார். தொகை சரியாக இருந்தது.

"அப்ப உன் அன்பளிப்பு?" என்றார்.

"இல்லம்மா. நான் சாதாரண ஆளுதான்."

அவர் 'அன்பளிப்பு' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே அக்காவின் பெயரை எழுதினார். என் வள்ளல்தன்மை ஒரு கோட்டில் போனது. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் இழந்ததில்லை. போன வருடம் திருப்பி அனுப்பிய பெண்ணைக் கூப்பிட்டு, அவர் வார்டுப் பதிவேட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று செயலாளர் தன் டைரியில் குறித்துக்கொண்டார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "சரி, ஞாயித்துக்கிழம நடந்தத மொதல்லேருந்து சொல்லுங்க."

விசாரணை நாளில் நானும் அக்காவின் கணவரும் செங்கல்பட்டில் விசாரணை நடந்த அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் அன்று கடலுக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தும் டீசல் வாசம் போகவில்லை. மூன்று டீ குடித்தோம். நான்காவதுக்கு அவர் வேண்டாமென்றார். "உள்ள போனதே நெஞ்சுல நிக்குது மச்சான்."

உள்ளே நடந்ததைப் பிறகு செயலாளர் சொன்னார். பிரசவப் பதிவேட்டின் நகலை அவர் மேசையில் வைத்திருக்கிறார். விரலில் சிராய்ப்போடு வந்தவருக்குச் சீட்டுப் போட்ட ஏழாவது நிமிடம் அந்தக் குழந்தை பிறந்திருக்கிறது. ஒரு மணி நேரம் காக்க வைத்தார் என்ற புகாருக்கு, சீட்டுப் போட்ட பத்தாவது நிமிடம் அவருடைய கார் வெளியே போனதைக் காவலாளியின் நோட்டு சொன்னது. இதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும் என்று அக்காவுக்குத் தனியாகத் தோன்றியிருக்காது. செயலாளருக்கு அதுதான் வேலை. விசாரணை அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "அந்தக் குழந்தை எப்படி இருக்கு?"

"நல்லா கீது சார். மூணு கிலோ" என்றாராம் அக்கா.

அக்கா வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கணவர் ஓடினார். நான் ஓடவில்லை. மரத்தடியிலேயே நின்றேன்.

"இன்னாம்மே ஆச்சி?"

"மெமோவ மூடிட்டாங்க. மாத்தலும் கெடையாது" என்றார் அக்கா. "காலைலேர்ந்து ஒன்னும் துன்னல. இந்தப் பக்கம் நாஸ்தா எங்க கெடைக்கும்?"

அவர் கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்து நின்றார். பிறகு மூன்று பேரும் பூரி சாப்பிட்டோம். காசு நான் கொடுத்தேன். அன்பளிப்பு என்று சொல்லவில்லை.

மறுநாள் பொன்னாடையை மடித்து, அதன்மேல் ரசீதை வைத்து அக்காவிடம் கொடுத்தேன். ரசீதை வாங்கிப் படித்தார். பேர் சரியா, வருடம் சரியா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, போன் உறைக்குள் செருகிக்கொண்டார். பொன்னாடையை விரித்துப் பார்த்து, "இத நான் எங்க போத்திகினு போறது?" என்று கணவரிடம் கொடுத்துவிட்டார்.

இந்தத் தையிலும் அக்கா சந்தா கொடுத்தார். அதே காலை நேரம், அதே கையுறை. நோட்டை ட்ரேயில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார். "கட்ட முடி. கைய கய்வு. ரசீது எய்து. நான் நிக்கறேன்." எட்டு மணி வண்டி போய்விட்டது. அந்தப் பக்கம் பொறுப்புச் செவிலியர் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார், நாங்கள் ஒன்றும் சொல்லாமலேயே.

வண்டி போனதற்கு நான்தான் காரணம் என்று முடிவானதால், அக்காவை நானே சதுரங்கப்பட்டினத்தில் கொண்டுபோய் விட்டேன். கரையில் அவர்கள் போட்டை ஏற்றி வைத்திருந்தார்கள். எஞ்சினில் உப்பு படாமலிருக்க மேலே எதையோ போர்த்திக் கயிறு கட்டியிருந்தார்கள். மஞ்சள் துணி, ஓரத்தில் சரிகை. என்னைவிட அந்த எஞ்சினுக்குத்தான் அது பொருத்தமாக இருந்தது.